பஸ் ஸ்டாண்டு சுவரில் நிற்கிற பிள்ளை

ஏணியின் மேல்படியில் நின்ற பெயிண்டர் இன்னாசியின் கணுக்காலைக் கீழேயிருந்து கோவர்த்தன் பிடித்திருந்தான். விழாமல் இருக்கப் பிடித்த பிடி இல்லை அது. ஒரு இழுப்பு இழுத்தால் அவர் தார்த் தரையில் தலைகுப்புற வருவார் என்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், காளிங்கபேட்டை பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் கூடி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

“ஒரே ஒரு வரி பெயிண்டரே. என் தங்கச்சி காலுக்குக் கீழ ஒரே ஒரு வரி. எழுதிட்டு எறங்கி வந்து ஒரு டீயக் குடி. நாங்க எங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போயிடறோம்.”

அந்த வேலை என்ன என்பதுதான் விஷயம். கோவர்த்தனின் தங்கை லாவண்யா, தான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் வேன் ஓட்டுகிற தென்னரசுவோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். தென்னரசு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிப் பையன். லாவண்யா கவுன்சிலர் முனிரத்தினத்தின் மகள். இதற்கு மேல் இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ரெண்டு பேரும் கிடைத்தால் என்ன நடக்கும் என்று பஸ் ஸ்டாண்டு நாய்க்குக்கூடத் தெரியும். கிடைக்கத்தான் இல்லை. பெங்களூருக்கு ஆள் போனது, சித்தூருக்குப் போனது, திருப்பூருக்குப் போனது, போன கார் எல்லாம் வெறுமனே திரும்பி வந்தது. அப்புறம்தான் யாரோ ஒரு புண்ணியவான் சுவரை ஞாபகப்படுத்தினான்.

சுவரில் லாவண்யா இருந்தாள். எட்டு வயசு, ரெட்டைச் சடை, பச்சை ரிப்பன், கையில் ஒரு கடி கடித்த கொய்யாப்பழம். சுவரில் இருந்த மற்ற எல்லோரும் நடந்துகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் குறட்டை விட்டுக்கொண்டும் இருக்க, அவள் மட்டும் வரைந்த நாளில் நின்ற மாதிரியே அசையாமல் நின்றாள். ஏனென்றால் அவளுக்குக் கீழே வரி இல்லை. வரி எழுதினால் அசைவாள், ஒரே மூச்சில் இருபத்தோரு வயசுக்கு வளர்ந்துவிடுவாள், இப்போது எந்த ஊரில் எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறை அவளுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஜன்னல் வந்து நிற்கும். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற போர்டு வந்து நிற்கும். போர்டைப் படிக்கக் கோவர்த்தனுக்குத் தெரியும்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பொக்லைன் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. எழுதாவிட்டால் சுவரை அது இடிக்கும்.

அந்தச் சுவர் முதலில் மூத்திரச் சுவராகத்தான் இருந்தது. பழைய நெல் குடோனின் பக்கச் சுவர், பஸ் ஸ்டாண்டு நீளத்துக்கு நீளம், ரெண்டு ஆள் உயரம், மூன்று மாநில பஸ்ஸும் வந்து நிற்கிற இடம் என்பதால் மூன்று மாநிலத்து ஆம்பளைகளும் வந்து நின்று அதைப் பாழாக்கினார்கள். நகராட்சிக் கமிஷனர் இன்னாசியைக் கூப்பிட்டு, “எல்லா மதத்துச் சாமியையும் வரிசையாப் போட்டு விடுங்க, ஒருத்தன் ஒதுங்கமாட்டான்” என்றார். இன்னாசி சுவரை மோந்து பார்த்துவிட்டு, “சாமிக்குப் பயப்படறவன் எங்க சார் இருக்கான். ஆனா சொந்த மச்சான் மூஞ்சியில எவனும் பெய்யமாட்டான்” என்று சொல்லி, ஊர்க்காரர்களை வரைய ஆரம்பித்தார்.

அவர் அப்போதுதான் பெங்களூரை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். சவேரியார் தெருவில் பிறந்து, படிப்பு ஏறாமல், கொத்தனார் அப்பாவிடம் சுண்ணாம்பு மட்டையால் அடி வாங்கி, ஒருநாள் தக்காளி லாரியில் ஏறிப் போனவர் அவர். போன இடத்தில் சினிமா பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவச் சேர்ந்து, நடிகர்களின் கால் நகத்தில் தொடங்கினார். நகம் நன்றாக வந்ததால் விரலைக் கொடுத்தார்கள், விரல் நன்றாக வந்ததால் முழங்காலைக் கொடுத்தார்கள், முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் மீசையில் நரை வந்திருந்தது. கன்னடத்தை மேஸ்திரியின் வசவிலிருந்து கற்றுக்கொண்டார். உருதுவை நிறம் கலக்குகிற காதர் பாயிடமிருந்து கற்றுக்கொண்டார், சிவப்புக்கு மட்டும் அவரிடம் அத்தனை பெயர் இருந்தது. தெலுங்கை நரசம்மாவிடமிருந்து. நரசம்மா பக்கத்து மெஸ்ஸில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், இவரைக் கட்டிக்கொண்டதும் சித்தூர்ப் பக்கம் அவள் வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள், ஊர் எல்லையில் இரும்புக் கம்பியோடு ஒரு வருஷம் காத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த ஒரு வருஷம் ரெண்டு பேரும் பேனர் கம்பெனி மாடியில், ஒரு நடிகரின் ராட்சதத் தொப்பிக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினார்கள்.

நாலு மொழியிலும் அவர் கவிதை எழுதினார். எழுதினார் என்றால் நன்றாகவே எழுதினார். கன்னடக்காரர்கள் படித்துவிட்டு, நன்றாயிருக்கிறது, ஆனால் தமிழ் வாசனை அடிக்கிறது என்றார்கள். தமிழ்க்காரர்கள், இவர் பெங்களூர் ஆளாச்சே என்றார்கள். தெலுங்குக்காரர்கள், நீங்க என்ன ஆளுங்க என்று முதலில் கேட்டார்கள், பதிலைக் கேட்டபின் கவிதையைக் கேட்கவில்லை. உருதுக்காரர்கள் மட்டும் வாஹ் வாஹ் என்று கைதட்டிப் பிரியாணி போட்டு அனுப்பினார்கள், புத்தகத்தை யாரும் வாங்கவில்லை. நாலு மொழியும் அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் வைத்திருந்தன, வாசல்வரை வரலாம், அடுப்படிக்கு வரக்கூடாது. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, கம்பெனியை மூடினார்கள், அதற்காக அவர் அழவெல்லாம் இல்லை, டர்பன்டைன் நாற்றம் இல்லாமல் சோறு சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினார்.

அப்படி வந்தவருக்கு இந்தச் சுவர் கிடைத்தது. ஒருத்தரை முன்னால் நிற்கவைத்து வரையும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார், மழை, மாமியார், மாட்டுச் சந்தை என்று, பேச்சு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து அந்த ஆளின் கால் பெருவிரலைச் செருப்புக் காலால் நறுக்கென்று மிதிப்பார். வலியில் வாயிலிருந்து எந்த மொழி குதிக்கிறதோ அதுதான் அந்த ஆளின் மொழி, ரேஷன் கார்டில் எது இருந்தாலும் சரி, வீட்டில் எதைப் பேசினாலும் சரி. தமிழ் வாத்தியார் கன்னடத்தில் அலறினார். கம்மாரத் தெருத் தெலுங்குக்காரர் ஒருவர் பச்சைத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னார், அதை எழுத முடியாது. மிதித்த பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த மொழியில், அந்த ஆளுக்கென்று, வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு வரிக் கவிதையை யோசித்துப் படத்துக்குக் கீழே எழுதுவார். டீக்கடை மணவாளனுக்கு, ‘கொதிப்பது பால், நீ ஏன் பொங்குகிறாய்’ என்று எழுதினார். பூக்காரி குல்சார் பீக்கு உருதுவில், ‘பூ வாடும் நேரம் அறிந்தவளுக்குக் கடிகாரம் எதற்கு’ என்று பொருள்வருகிற ஒரு வரி.

குல்சார் பீக்கு எழுதி முடித்து அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த குல்சார் பீ கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போனாள். நிஜமான குல்சார் பீ அப்போது மசூதித் தெருக் குழாயடியில் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சுவரிலும் அவளுக்குப் பின்னால் அந்தக் குழாய் வந்து நின்றது, சரியாக மூடாமல், சொட்டிக்கொண்டு. மணவாளன் கிளாஸைக் கழுவியபடியே பார்த்தான்.

“யாராச்சும் போயி அந்தக் கொழாய மூடுங்கப்பா, தண்ணி வீணாப் போவுது” என்றான்.

ஊர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. பத்திரிகைக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. வேலையைப் பார்த்தார்கள். மணவாளன் பெஞ்சுகளைச் சாலைப் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டான். ஆறாம் நம்பர் பஸ் கண்டக்டர் சுவரைப் பார்த்து, டீச்சரம்மா ரேஷன் கடை திருப்பத்தில் ஓடி வருகிறார் என்று தெரிந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரேஷன் கடைக்காரர் சரக்கு வரவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டார், மூட்டைமேல் அவர் உட்கார்ந்திருப்பது சுவரில் தெரிந்தது. பெண்டாட்டிகள் காய்கறிப் பையோடு வந்து புருஷன்களைத் தேடினார்கள், புருஷன்கள் சாயங்காலம் இன்னாசியிடம் வந்து, அண்ணே, ஒயின்ஷாப்புப் பக்கம் ஒரு வேப்பமரம் போட்டு விடேன், கொஞ்சம் அடர்த்தியா, என்று கெஞ்சினார்கள். அவர் போட்டார், மறுநாள் நடந்து போய்விடாத மரமாக. காதலிக்கிறவர்கள் மட்டும் சுவர்ப் பக்கமே வரவில்லை, கொஞ்ச நாளில் அவர்களும் பழகிக்கொண்டு சினிமா கொட்டகையை விட்டு நேராகச் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள், அங்கே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஜெபம்தான்.

குல்சார் பீயின் மகன் ரியாஸ் சவூதிக்குப் போன பிறகு அவள் பூக்கடையையே அவன் படத்துக்குக் கீழே மாற்றிக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் மணலும் கிரேனும் இருந்தன. அவன் குனிந்து டப்பாவைத் திறந்தால் அவளும் தன் டப்பாவைத் திறப்பாள். அவன் சாப்பிடாத நாளில் அவளும் சாப்பிடமாட்டாள்.

லாவண்யாவை வரைந்தபோதும் இன்னாசி பெருவிரலை மிதித்தார். அவள் கத்தவில்லை. திருப்பி அவர் காலை ஓங்கி மிதித்தாள். “எனக்கு எழுதாதீங்க மாமா. எங்கப்பா தெனமும் இங்கதான் டீ குடிக்கிறாரு. நான் எங்க போனாலும் பாத்துக்கிட்டே இருப்பாரு” என்றாள். இன்னாசி சிரித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார். ஊர் அவளுக்கு நிற்கிற பிள்ளை என்று பேர் வைத்தது.

காலனி ஆட்கள் சுவரில் இல்லை. அப்போதுதான் புதிதாகக் கவுன்சிலரான முனிரத்தினம், “ரயில்வே கேட்டு வரைக்கும் போதும் பெயிண்டரே, அதுக்கு அந்தப் பக்கம் வேணாம், எடம் பத்தாது” என்றார். இடம் இருந்தது. இன்னாசி சொன்னதைச் செய்தார், கேட்டோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் இன்றைக்குத் தென்னரசுவைச் சுவரில் தேட முடியவில்லை. இப்போது அவனையும் வரையச் சொன்னார்கள். “காலை மிதிக்க ஆள் வேணுமே, கூட்டிக்கிட்டு வாங்க” என்றார் இன்னாசி. கோவர்த்தன் அவர் சட்டையைப் பிடித்தது அப்போதுதான்.

வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்று கோவர்த்தனுக்கு எப்படித் தெரியும் என்றால், இன்னாசியே மைக்கில் சொன்னார். நகராட்சி மண்டபத்தில் அவருக்கு ஒரு சால்வை போட்டார்கள். பேசிய எல்லோரும் வண்ணம், தூரிகை, தத்ரூபம் என்று பேசினார்கள். ஒருத்தர்கூட வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்த ஊரில் ஒருத்தன்கூட அதைப் படித்திருக்கவில்லை. இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. ஓவியர் என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பார், கவிஞர் எழுந்துவிட்டார். மைக்கைப் பிடுங்கி, “பெயிண்ட்ல ஒண்ணும் இல்லய்யா! என் வரிதான் உங்கள நடக்க வைக்குது. வரி இல்லன்னா நீங்கள்லாம் அந்த நிக்கிற புள்ள மாதிரி நின்னுக்கிட்டுத்தான் இருப்பீங்க!” என்று கத்தினார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் முனிரத்தினமும் தட்டினார். வீட்டுக்கு வந்ததும் நரசம்மா, “இத்தன வயசாகியும் உன்னப் பாராட்டலன்னா ஒனக்குச் சோறு எறங்காதா?” என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

கோவர்த்தன் முதலில் மற்றவர்களை வைத்து எழுதிப் பார்த்தான். கோயில் பண்டிதர் தெலுங்கில் ஒரு பத்யம் எழுதினார். தமிழ் வாத்தியார் ஒரு வெண்பா எழுதினார், இலக்கணம் சுத்தம். கட்சிப் பேச்சாளர் ஒருவர் அடுக்குமொழியில் எழுதினார். ஒவ்வொன்றையும் ஃப்ளெக்ஸ் கடைப் பையன் சுவரில் ஏறி எழுதினான், ஒவ்வொன்றையும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, லாவண்யா கொய்யாவைப் பிடித்தபடி நின்றாள். அழித்தார்கள். இன்னாசியை வீட்டிலிருந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலிருந்து, கூட்டி வந்தார்கள்.

“எனக்கு அந்தப் புள்ளையோட மொழி தெரியாதுப்பா. மிதிச்சப்ப அது கத்தவே இல்ல” என்றார் இன்னாசி, ஏணிமேல் நின்று.

“பொய் சொல்லாத. கம்பெனியில அவ வெரல்ல ஊசி ஏறினப்ப நீ அங்கதான் செவுத்துல எழுதிக்கிட்டு இருந்த. எல்லாம் விசாரிச்சிட்டேன். அவ கத்தினதக் கேட்டு நீ பிரஷக் கீழ போட்டியாமே.”

போட்டார். ஷூ கம்பெனிச் சுவரில் ‘கவனம் உயிர் காக்கும்’ என்று எழுதிக்கொண்டிருந்தார், தையல் மெஷினின் ஊசி லாவண்யாவின் விரலுக்குள் போய் வெளியே வந்தது, அவள் கத்தினாள். அந்த ஒரு கத்தலில் அவளுடைய மொழி மட்டுமில்லை, வரியும் சேர்ந்து அவருக்குள் வந்து விழுந்தது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, திருத்த ஒன்றுமில்லாமல். அப்படி அவருக்கு வந்ததே இல்லை. நாலு புத்தகத்தையும் இந்தச் சுவரையும் ஒரு தட்டில் வைத்தால் அந்த ஒரு வரி மறு தட்டைக் கீழே இறக்கிவிடும். அன்றிலிருந்து பிரஷைக் கையில் எடுத்தால் அது விரல் நுனிக்கு வந்து நின்றது. கதவுக்குப் பெயிண்ட் அடித்தாலும் வந்தது. பால்காரரிடம் நரசம்மா சொன்ன கணக்கைக் காலண்டரில் குறித்தாலும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கவிஞன் தன் நல்ல வரியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மைக்கைப் பிடுங்கின ஆளிடம் கேட்க வேண்டும்.

இப்போது பிரஷ் கையில் இருக்கிறது. கறுப்பு டப்பா ஏணியில் தொங்குகிறது. முன்னால் காலி இடம். வரி வந்துவிட்டது.

“தப்பா எழுதி ஏமாத்தலாம்னு நெனைக்காத” என்றான் கோவர்த்தன். “அவ அசையலன்னா வேணும்னே தப்பா எழுதினேன்னு அர்த்தம். அப்புறம் இந்தக் கையி பிரஷப் புடிக்காது. செவுரும் இருக்காது.”

சுவர் பலமில்லை, ஜனங்கள்மேல் விழுந்துவிடும் என்று நகராட்சியில் பேசி வாங்கிய உத்தரவு அவன் சட்டைப் பையில் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ரெண்டு பேர் மணவாளன் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். “குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க” என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

குல்சார் பீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணிக்கடியில் வந்து நின்றாள்.

“இன்னாசி பாய், எழுதிடுங்க.”

“குல்சாரக்கா…”

“எனக்கு அதெல்லாம் தெரியாது பாய். செவுத்த இடிச்சா என் புள்ளய நான் எங்க போய்ப் பாப்பேன்? போன்ல நல்லாத்தான் இருக்கேம்மான்னு சொல்றான். நல்லாருக்கானா இல்லையான்னு இங்கதான தெரியுது. அவங்க பொண்ணு, அவங்க பாத்துக்கட்டும். நமக்கு எதுக்கு?”

அவள் கெட்டவள் இல்லை. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மனசில் அதுதான் இருந்தது, அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். ஒருத்தருக்கு மிலிட்டரியில் இருக்கிற தம்பி, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மா, எல்லாருக்கும் சுவரில் ஒருத்தர் இருந்தார்கள். எழுதிடு பெயிண்டரே, என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எழுதித் தொலைங்கண்ணே, என்று இன்னொன்று. பிறகு நிறையக் குரல்கள்.

நரசம்மா கூட்டத்துக்குள் வந்துவிட்டிருந்தாள். கையில் அவர் பாதியில் விட்டுவந்த சாப்பாட்டுத் தட்டு. அவள் கத்தவில்லை.

“ஏமய்யா” என்றாள். “அந்தத் தொப்பிக்குப் பின்னாடி நாம இருந்தோம்ல, அப்ப எங்கண்ணன் கையில இப்படி ஒரு செவுரு இருந்திருந்தா?”

“ஏ கெழவி, நீ போ அந்தாண்ட!” என்றான் கோவர்த்தன்.

“போறேன் தம்பி. இவரு எழுதினாருன்னா வீட்டுப் பக்கம் வரவேணாம், அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.” போகவில்லை. அங்கேயே நின்றாள்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர் முனிரத்தினம். மகனைத் தோளில் தட்டிக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஏணியை ஒட்டி வந்து நின்றார். கோவர்த்தன் தள்ளி நின்றான், ஆனால் கணுக்காலை விடவில்லை. முனிரத்தினத்தின் தோள்துண்டு முதுகுப் பக்கம் முழுக்கத் தொங்கியது. அவர் மேலே பார்த்தார், இன்னாசியை இல்லை, கொய்யாவோடு நின்ற பெண்ணை.

“நீங்க வரைஞ்ச அன்னிக்கு அந்தப் பழத்த நான்தாங்க வாங்கிக் குடுத்தேன்” என்றார். “சந்தையில எது வேணும்னு கேட்டேன். பெரிசு வேணாம், இதுதான் வேணும்னா. வீட்ல அவ தட்டு அப்படியே கெடக்குதுங்க. அவ அம்மா படுத்த படுக்கையா இருக்கா. அவ சாப்டாளா, எங்க படுத்திருக்கா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும் பெயிண்டரே. ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன். எழுதுங்க. உங்க கால்ல விழறேன்.”

அவர் அழுதார். பெரிய மனுஷன் நடுப் பஸ் ஸ்டாண்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் கூட்டத்தில் பொம்பளைகள் முந்தானையை எடுத்தார்கள், ஸ்டேஷன்காரர்களில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிரஷ் தானாகக் கறுப்பில் தோய்ந்து எழுந்தது. நுனி சுவரைத் தொட ஒரு விரல்கடை தூரம்தான் இருந்தது. வரியின் முதல் எழுத்து அவர் பல்லிடுக்குவரை வந்துவிட்டது.

தொடுவதற்கு முன் அவர் சுவரைப் பார்த்தார்.

ஊர் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் கூடியிருந்ததால் சுவரில் இருந்தவர்களும் கூடிவிட்டிருந்தார்கள். தெருக்கள் காலியாகி, வேப்பமரங்கள் மட்டும் தனியாக நிற்க, அத்தனை பேரும் நிற்கிற பிள்ளையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்கள் நிற்கிற இடம், அதாவது இதே சுவர், சின்னதாக வந்து நின்றது, அதற்குள்ளும் ஒரு சின்னக் கூட்டம். எல்லாரும் ஒரு ஏணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் யாரும் இல்லை. இன்னாசி தன்னை வரைந்துகொண்டதே இல்லை, தனக்கு எந்த மொழியில் எழுதுவதென்று அவருக்குத் தெரிந்ததில்லை. சுவரில் கோவர்த்தனின் கை வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவன் பக்கத்தில், சுவரில், முனிரத்தினம் நின்றார். சுவர் முனிரத்தினமும் அழுதார். நடிப்பு இல்லை, கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது, இன்னாசி எழுதிய ஆட்கள் யாரும் இதுவரை சுவரில் பொய்யாக அழுததில்லை. ஆனால் சுவரில் இருந்தவர் முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, இன்னாசிக்கு முதுகைக் காட்டி நின்றார். சுவரில் அவர் துண்டு விலகியிருந்தது. இடுப்பு வாரில், முதுகோடு ஒட்டி, பிடி மேலே பார்க்க, வீச்சரிவாள் இருந்தது. புதிதாகச் சாணை பிடித்தது.

அழுததும் நிஜம். அரிவாளும் நிஜம்.

பார்த்தது இன்னாசி மட்டும் இல்லை. குல்சார் பீ மகனைப் பார்க்கத்தான் நிமிர்ந்தாள், பார்த்துவிட்டாள். மணவாளன் பார்த்தான். கண்டக்டர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வழியில்லை, ஏனென்றால் பார்த்தவர்களின் கண் போகிற திசையும் சுவரில் தெரிந்தது. எழுதிடு எழுதிடு என்ற குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிக் குரல் நின்றபோது பொக்லைனின் உறுமல் மட்டும் கேட்டது. குல்சார் பீ பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய், ரியாஸின் படத்துக்கு நேர்கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சரம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு யாரும் போகவில்லை. போனார்கள் என்று சொன்னால் பொய்.

“இன்னா பாத்துக்கிட்டு நிக்கிற? எழுதுடா!” என்று கோவர்த்தன் கணுக்காலை உலுக்கினான். ஏணி சுவரில் டக் டக்கென்று இடித்தது.

வரி இன்னும் விரல் நுனியில்தான் இருந்தது. போகிற மாதிரித் தெரியவில்லை. எழுதினால் அது பிறக்கும், ஊர் முதல்தடவையாக ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கும், நாலு மொழிக்காரர்களும் அதைப் பேசுவார்கள், அவர் செத்த பிறகும் அது இருக்கும். எழுதாவிட்டால் அப்படி ஒன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. இன்னாசி பிரஷைச் சட்டையில் துடைத்தார். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை, முடியில் கறுப்பு மிச்சம் இல்லாமல் பொறுமையாகத் துடைத்தார், பிறகு கறுப்பு டப்பாவை ஏணிக் கொக்கியிலிருந்து கழற்றிக் கவிழ்த்தார். பெயிண்ட் கோவர்த்தனின் தலையிலும் கையிலும் விழுந்து வழிந்தது. வேண்டுமென்றா, கைதவறியா என்று அப்புறம் நிறையப் பேர் கேட்டார்கள். வேண்டுமென்றுதான்.

கோவர்த்தன் காலை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி பின்னால் போனான். முனிரத்தினம் அழுகையை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்திப் பொக்லைனுக்குச் சைகை காட்டினார். அது சாலையைக் கடந்து வந்தது, பஸ் ஸ்டாண்டு தரை அதிர்ந்தது, இரும்புக் கை ஏணிக்கு மேலே எழும்பி, வெயிலை மறைத்து, நின்றது.

“எறங்குய்யா!” என்று மணவாளன் தமிழில் கத்தினான். “திகய்யா, திகு!” என்று நரசம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தெலுங்கில் கத்தினாள். “உத்ரோ பாய்!” என்று குல்சார் பீ உட்கார்ந்த இடத்திலிருந்து உருதுவில் கத்தினாள். பொக்லைன் ஓட்டிவந்த கன்னடத்துப் பையன் லீவரிலிருந்து கையை எடுத்துத் தலையை வெளியே நீட்டி, “இளீரி சார், தயவிட்டு இளீரி!” என்று கும்பிட்டான்.

நாலும் அவருக்கு நன்றாகவே புரிந்தது. இன்னாசி ஏணியின் மேல்படியில் திரும்பி, நிற்கிற பிள்ளைக்கும் அந்த இரும்புக் கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். இறங்கவில்லை.